தாங்கும் அளவு

“அவர் முழிக்கிறதுக்குள்ள வேலையை முடிச்சிடணும், அண்ணா. நாலு மணிக்கு மேல தாங்காது.”

வாசல் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு மூச்சுக்காற்றிலேயே பேசினாள் அந்தப் பெண். காலிங் பெல்லைத் தொடவே கூடாது என்று போனிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டர் மெக்கானிக் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, திருட வந்தவர் மாதிரி உள்ளே நுழைந்தார்.

மதியம் இரண்டரை மணி. சாத்தியிருந்த படுக்கையறைக்குள்ளிருந்து அவள் கணவனின் குறட்டை கேட்டது. கதவுக்கு வெளியே ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

“குறட்டை நின்னா பாப்பா ஓடி வந்து சொல்லிடுவா” என்றாள் தாய். குழந்தையும் “சொல்றேன்” என்று கிசுகிசுத்தது. விளையாடுகிற வயதில் கத்தத் தெரியாத பிள்ளையா என்று மெக்கானிக்குக்கு மனசு என்னவோ செய்தது.

கூடத்து மூலையில் இருந்தது கம்ப்யூட்டர். மேசைக்கடியில் ஒரு கீபோர்டு இரண்டு துண்டாகக் கிடந்தது.

“போன வாரம் விளையாடிக்கிட்டு இருக்கும்போது அப்படியே நின்னுபோச்சு. அந்தக் கோபம்” என்றாள். “ராத்திரி பூரா இதுதான். வேலையை விட்டு ஏழு மாசம் ஆகுது. இது செத்துப்போனா வேற வாங்க மாட்டேன், விளையாட்டையே விட்டுடறேன்னு பாப்பா தலையில கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கார். அவர் எப்படிப்பட்டவரா இருந்தாலும் சத்தியத்தை மட்டும் மீற மாட்டார், அண்ணா.”

மெக்கானிக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. சும்மா நின்றுபோனதற்கே கீபோர்டு இரண்டு துண்டு. ஒரேயடியாகப் போய்விட்டால் இந்தப் பெண்ணின் கதி என்னாவது? இந்தப் பெட்டியை எப்படியாவது பிழைக்க வைத்தாக வேண்டும் என்று மனசுக்குள் முடிவுகட்டினார்.

பட்டனைத் தட்டி, செட்டிங் பக்கத்துக்குப் போனவருக்குப் பகீரென்றது. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசருக்குப் போகிற வோல்ட்டேஜ் 1.45 என்று காட்டியது.

“என்னம்மா இது, கொலைபாதகமா இருக்கு! விளையாட்டுக்காக ப்ராசசர் வேகத்தைக் கூட்டினா வோல்ட்டேஜையும் கூட்டத்தான் வேணும். அதுக்குன்னு இப்படியா அள்ளிக் கொடுப்பாங்க? துளித்துளியா ஏத்தணும். ஒவ்வொரு தடவையும் ஓடவிட்டு சூடு பார்க்கணும். உங்க வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லலையா?”

“அவர் வேகத்தை மட்டும்தான் கூட்டினதா சொல்றார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்று சிரித்தார் மெக்கானிக்.

அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். “எவ்வளவு வரைக்கும் தாங்கும், அண்ணா?”

“இதுல இருக்கிற ஃபேனுக்கு ஒன்னு புள்ளி மூணு அஞ்சு. அதைத் தாண்டவே கூடாது.”

“தாண்டினா?”

“இப்ப இருக்கிற மாதிரி நின்னு நின்னு ஓடும். அஞ்சாறு மாசம் இழுத்துக்கிட்டுக் கிடக்கும்.”

“இதுக்கும் மேல போனா?”

“ஒன்னு புள்ளி ஏழுன்னு வெச்சுப் பாருங்க, அன்னிக்கே கதை முடிஞ்சிடும். அந்தப் பக்கமே போயிடாதீங்க, தாயே.”

அவள் ஒவ்வொரு எண்ணையும் நிதானமாக எழுதிக்கொண்டாள். வாடிக்கையாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல், கெட்ட பிறகு கடை வாசலில் வந்து கத்துகிறவர்களைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார்.

வேகத்தைக் கொஞ்சம் தணித்தார். வோல்ட்டேஜை 1.28-க்கு இறக்கினார். ஃபேனில் அப்பியிருந்த தூசியைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் முழுப் பாரத்தில் ஓடவிட்டார்.

நடுவில் ஒருமுறை குறட்டை நின்றது. குழந்தை ஓடி வந்து அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மெக்கானிக்கும் ஸ்க்ரூடிரைவரோடு கல்லாய்ச் சமைந்தார். கட்டில் கிறீச்சிட்டது, யாரோ புரண்டு படுத்தார்கள், குறட்டை மறுபடி தொடங்கியது.

“அவ்வளவுதான். சூடு எழுபது டிகிரியைத் தாண்டலை” என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார் மெக்கானிக். “இனிமே அஞ்சு வருஷத்துக்கு இதுக்கு ஒன்னும் ஆகாது.”

“அஞ்சு வருஷமா?” என்றவளின் கண்கள் தளும்பிவிட்டன. நன்றியை வாயால் சொல்லத் தெரியாதவள் போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் கூச்சத்தோடு விடைபெற்றுக்கொண்டார்.

இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை மேசை மேலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து வருகிறவன் கண்ணில் அது பட்டால் வேறு வினையே வேண்டாம். பதறியடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. இடுக்கு வழியே பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நோட்டு விரிந்திருந்தது.

திரையில் அவர் சற்றுமுன் விட்டுவந்த அதே பக்கம். அவள் விரல் பழகிய விரலாகத் தட்டத் தட்ட, எண் ஏறிக்கொண்டே போனது. 1.35. 1.45. 1.60. 1.70.

“ஐயோ” என்று கத்த வாயெடுத்தவர், உள்ளே தூங்குகிறவனின் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். குழந்தை காவலை விட்டு எழுந்து வந்து, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கிசுகிசுத்தது.

“அம்மா, இன்னிக்காவது அது செத்துடுமா?”