பழைய பிரவுசர்க்காரி

"எஸ்விஜி மட்டும் போதுங்க. ஐகான் எல்லாம் பளிச்னு தெரியும்" என்றேன்.

"பிஎன்ஜியும் இருக்கட்டும்" என்றார் கணவர். எங்கள் வெப்சைட்டுக்கு ஐகான் வரைவது நான், அதை எஸ்விஜி, பிஎன்ஜி என்று இரண்டு வகை ஃபைலாக ஏற்றுவது அவர்.

"எதுக்கு?"

"பழைய பிரவுசர்ல எஸ்விஜி தெரியாது."

"இந்தக் காலத்துல அதையெல்லாம் யாரு வெச்சிருக்கா?"

"ஒருத்தங்க இருக்காங்க. தினமும் பார்ப்பாங்க."

"யாரது?"

"கஸ்டமர்தான்" என்று நழுவிவிட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. என் பிறந்தநாளையே மறந்துபோகிற மனுஷர், எவளோ ஒருத்திக்காக ஒவ்வொரு ஐகானையும் இரண்டு தடவை ஏற்றுகிறாரா? போன் வந்தால் பால்கனிக்கு ஓடுவதும் இதற்குத்தானா?

அவர் கடைக்குப் போன நேரத்தில் பிஎன்ஜி அத்தனையையும் அழித்தேன். இனி மகாராணி தானாக வெளியே வருவாள்.

மறுநாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. திரையில் 'கஸ்டமர்' என்று மட்டும் இருந்தது. பாய்ந்து எடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

"மாப்ளே, என் கம்ப்யூட்டர்ல இன்னைக்கு எல்லாம் வெறும் கட்டம் கட்டமா தெரியுது. அவ வரைஞ்சது ஒண்ணையும் காணோம். அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எங்கள் கல்யாணத்துக்கு வராததோடு, அன்றிலிருந்து என்னுடன் பேச்சையே நிறுத்திவிட்ட அப்பா.

"நான் கேட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்ப்பா" என்றேன்.