காவியத்துக்குள் குடித்தனம்

அந்த வீட்டுப் புத்தக அலமாரியில் ஒரு கரப்பான்பூச்சி முட்டைப்பையைச் சுமந்துகொண்டு அலைந்தாள். யாரும் பிரிக்காத புத்தகம் ஒன்று வேண்டும். போன தடவை வாரப் பத்திரிகைக்குள் வைத்தது பழைய பேப்பர்க்காரனோடு போய்விட்டது.

ராமபாணப் பூச்சியிடம் யோசனை கேட்டாள். புத்தகம் அரிப்பது அவர் பிழைப்பு. அபிப்பிராயம் சொல்வது பொழுதுபோக்கு.

“அந்தத் துப்பறியும் நாவல் எப்படிண்ணே?”

“சுமார்தான். கொலைகாரன் யாருன்னு அட்டையிலேயே தெரிஞ்சுபோச்சு.”

“கவிதைப் புத்தகம்?”

“பாதிப் பக்கம் வெறும் பேப்பர். வயிறே நிறையலை.”

“சமையல் புத்தகம்?”

“அதுல கதையே இல்லம்மா. எவன் தொடுவான்? தாராளமா வை.”

“அப்போ அந்தத் தடி நாவல்?”

ராமபாணம் மீசையைத் தடவிக்கொண்டார். “அது காவியம்! வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க. அந்தப் பக்கம் மட்டும் போயிடாதே.”

அவள் சமையல் புத்தகத்துக்குள் போனாள். பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கறை. நாற்பதாம் பக்கத்தில் யாரோ மஞ்சள் கையோடு புரட்டிய ஈரம் இன்னும் காயவில்லை. பதறியடித்து வெளியே ஓடிவந்தாள்.

“அண்ணே, அந்தக் காவியத்தை எதுவரைக்கும் படிச்சீங்க?”

“முன்னுரை பிரமாதம்மா!”

அவள் நேரே நாவலுக்குள் நுழைந்தாள். முன்னுரைக்கு அப்புறம் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக்கிடந்தன. முட்டைப்பையை அங்கே இறக்கினாள். முப்பத்திரண்டு குஞ்சுகளும் அதற்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்தன.

கூடத்தில் அந்த நாவலைப் பற்றிய பேச்சு மட்டும் ஒரு நாளும் ஓயவில்லை.