புகார்க் கூடை

ஒரு பழைய கிணற்றுக்குள் சிலந்திகளின் கம்பெனி இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் வலை பின்னித் தருவது தொழில். ஆனால் அந்த வேலைக்கு வயிற்றில் ஊறும் சொந்த நூலைத் தொடக்கூடாது. கம்பெனி தயாரித்த நூலில்தான் பின்ன வேண்டும்.

“இதெல்லாம் ஒரு நூலா? கொசு தும்மினாலே அறுந்துடுது,” என்று டீ நேரம் தவறாமல் பொருமுவான் நெட்டைக்காலன்.

“வாங்க வர்றவன்கிட்ட மட்டும் இரும்புன்னு சொல்றோம்,” என்று ஒத்து ஊதுவான் கூட்டாளி உருண்டையன்.

விஷயம் மேலாளர் காதுக்கு எட்டியது. மனுசர்... இல்லை, சிலந்தி, பெரிய ஜனநாயகவாதி. “குறையை இலையில எழுதி இந்தக் கூடையில போடுங்க. நானே படிக்கிறேன்,” என்று கிணற்றுக்கு நடுவே ஒரு கூடையைத் தொங்கவிட்டார்.

நெட்டைக்காலன் எட்டுக் காலும் கடுக்கக் கடுக்க நான்கு இலை எழுதிப் போட்டான். மற்ற முந்நூறு சிலந்திகளும் போட்டன. கூடையைக் கட்டியிருந்தது கம்பெனி நூல். பட்டென்று அறுந்தது, குறைகள் மொத்தமும் தண்ணீருக்குள் போயின.

மறுநாள் மேலாளர் பூரித்துப்போய் அறிவித்தார்: “ஒரு குறைகூட வரலை! இனி உங்க வீட்டு வலைக்கும் நம்ம நூல்தான்.”

நெட்டைக்காலன் நிமிர்ந்து பார்த்தான். மேலாளர் தண்ணீருக்கு மேலே ஜம்மென்று ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார், சொந்த வயிற்று நூலில்.