டாக்டர் சொன்னது

"நான் சொன்னது ரெண்டே வரி. நீங்க ஏன் இவ்வளவு நேரம் பேசினீங்க?"

கண் டாக்டரின் குரலில் சூடு. மொழிபெயர்ப்பாளர் பெண் தலைகுனிந்து நின்றாள்.

பரிசோதனை அறையில் விளக்குப் போடவில்லை. திரைச்சீலை வழியே கசிந்த வெயில் பாலாய்ப் பரவியிருந்தது. அதில் தூசிகூட மெதுவாகத்தான் மிதந்தது. சொட்டு மருந்து விட்ட கண்களோடு அந்த அம்மாள் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கனவில் எதையோ கண்டவள் மாதிரி உதட்டில் லேசான சிரிப்பு. பக்கத்தில் கணவர், அவள் கையைப் பிடித்தபடி.

டாக்டர் சொன்ன ரெண்டு வரி இதுதான்: போன பார்வை திரும்பாது. மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

"இதைக் கேட்டுட்டு யாராவது சிரிப்பாங்களா? குணமாயிடும்னு பொய் சொல்லிட்டீங்க, அப்படித்தானே?"

"இல்லை டாக்டர், எல்லாத்தையும் சொல்லிட்டேன். எங்க பக்கம் இந்த மாதிரி விஷயத்தைப் பட்டுனு போட்டு உடைக்க மாட்டாங்க. கொஞ்சம் பக்குவமா..."

"உங்க பக்கம் எப்படியோ! நோயாளிகிட்ட உண்மையை மறைக்கறது எனக்கு ஆகாது."

"மறைச்சா எனக்கும் தூக்கம் வராது டாக்டர்."

"நான் நம்பலை. இனிமே உங்களை அனுப்ப வேண்டாம்னு சொல்லிடறேன்."

டாக்டர் போனை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்."

பேசியது கணவர். டாக்டரின் மொழியிலேயே, பிசிறில்லாமல்.

"உங்களுக்கு எங்க மொழி தெரியுமா? அப்புறம் எதுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டீங்க?"

"என் மனைவிக்குத் தெரியாதே. அவகிட்ட இதை என் வாயால சொல்லத் தைரியம் வரலை."

கணவரின் குரல் வந்த பக்கம் அம்மாள் திரும்பினாள். தன் மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

"'பார்வை போயிடும்கறதைக்கூட இவ்வளவு அன்பா சொல்ல முடியுமா? டாக்டர் தம்பி நல்லா இருக்கணும்'கறா."

டாக்டர் போனைக் கீழே வைத்தார். "நான் அப்படி அன்பா எதுவும் சொல்லலையே!"

"'இதைச் சொல்ல எனக்கே மனசு கேட்கலைம்மா. பயப்படாதீங்க, வீட்டுக்காரர் கூடவே இருக்கார், நாங்களும் இருக்கோம்'னு சொன்னீங்களாம்."

டாக்டர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவள் இன்னும் தலை நிமிரவில்லை.

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்தையும் விடலை டாக்டர்" என்றார் கணவர். "நீங்க விட்டதையும் சேர்த்துச் சொல்லிட்டாங்க. உங்க பேர்லயே."