கொல்லைக் கீரை

ஒரு சொட்டுத் தாய்ப்பால் விட்டதுமே, நஞ்சைக் காட்டும் பால்மானி சிவந்துவிட்டது. பேட்டரி உருக்கிய மண்ணில் பிறந்து வளர்ந்தவள் செவ்வந்தி. ஈயம் அவள் எலும்புவரை ஊறியிருந்தது. புட்டிப்பாலைப் பிள்ளை கக்கிவிட்டான். அதனால் ஓரகத்தி திலகாவை ஈயம் படாத மலையிலிருந்து கூட்டிவந்தார்கள். அவளுக்கும் கைக்குழந்தை. ஒரு பக்கம் தன் மகள், மறுபக்கம் செவ்வந்தியின் நகுலன்.

"என் குரல் கேட்டாலே அழுகையை நிறுத்திடுறான், பாருங்கக்கா!" என்று திலகா சிரிப்பாள். செவ்வந்திக்கு வயிறு எரியும். பெற்றவள் தூக்கினால் திமிறிக்கொண்டு அவளிடம் தாவுகிறானே!

திலகாவுக்கென்று தனியாக மலைக் காய்கறி வரும். செவ்வந்தி அதைக் குப்பையில் கொட்டினாள். அந்த ஊரில் யாரும் வாயில் வைக்காத கொல்லைக் கீரையைப் பறித்து, பூண்டு தட்டிப்போட்டு வதக்கினாள்.

"பால் நல்லா ஊறும். சாப்பிடு."

"எங்கம்மாகூட இப்படிப் பார்த்துக்கிட்டதில்லக்கா" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டாள் திலகா.

மாதம் திரும்புவதற்குள் அவளுடைய சொட்டுக்கும் பால்மானி சிவந்தது.

நகுலன் செவ்வந்தியின் மடிக்கே திரும்பி வந்தான். அதற்குத்தானே ஆசைப்பட்டாள்! பசியில் வீறிட்டபடி அவன் மாரை முட்ட, அவள் முந்தானையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். எதிரே திலகாவும் கதறும் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கீரையை இன்னும் கொஞ்சம் தின்னா பால் சரியாயிடுமா?"