நாளே இல்லாத நாள்

அயோவா மாநில சோயா விவசாயிகள் முன்னால் மேசையைக் குத்தினார் நாடாளுமன்ற உறுப்பினர் பர்விஸ்.

"இறக்குமதிக்கு வரி போடற அதிகாரம் எங்க சபையோடது! நாட்டுக்கே நெருக்கடின்னு அறிவிச்சு அதிபர் அதைப் பிடுங்கிட்டாரு!"

அந்த வரிக்குப் பதிலடியாக வெளிநாடுகள் வாங்க மறுத்த சோயாவால் கிடங்கு நிரம்பியிருந்த விவசாயி லோரீனுக்கு எரிச்சலாக வந்தது. "ஓட்டெடுப்பு நடத்தி ரத்து பண்ண வேண்டியதுதானே?"

"ரத்து பண்ணச் சொல்லிக் கேட்டு பதினஞ்சு நாள் ஆனாத்தான் ஓட்டெடுப்பும்மா. இன்னும் ஒரு நாள்கூட ஆகலியே!"

"ஆறு மாசமாச்சே, ஐயா!"

"சபைக் கணக்குல அதெல்லாம் நாளே இல்லைன்னு தீர்மானம் போட்டிருக்கு."

"போட்டது யாரு?"

"நாங்கதான். அதிபரைப் பகைச்சுக்க முடியுமா?" என்று இளித்தார் பர்விஸ். "சரி, செவ்வாய்க்கிழமை தேர்தல். மறக்காம எனக்கே ஓட்டுப் போடுங்க."

லோரீன் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"செவ்வாய்க்கிழமையா? அது நாளே இல்லைன்னு நாங்களும் தீர்மானம் போட்டாச்சு, ஐயா."