தோளிலிருந்து வந்த துடிப்பு

பேத்தியைத் தூக்கியபோது மாசிலாமணியின் செயற்கைக் கை திடீரென்று விரிந்துவிட்டது. மருமகள் கற்பகம் பாய்ந்து பிடித்திராவிட்டால் குழந்தை தரையில் விழுந்திருக்கும். அன்றிலிருந்து அவள் குழந்தையை அவரிடம் கொடுப்பதில்லை. கம்பெனிக்காரன் ஓட்டைக் கையைத் தன் தலையில் கட்டிவிட்டான் என்று அவர் சாதித்தார்.

கம்பெனியிலிருந்து பழுது பார்க்க வந்த பர்வீன், பேனா போன்ற கருவியைக் கையின் விரல்களை இயக்கும் கம்பியில் வைத்தாள். “கண் இமைக்கிறதுக்குள்ள ஒரு மின்துடிப்பு வந்து போனாலும் இதுல விளக்கு எரியும். நாமளா அணைக்கிற வரைக்கும் அணையாது, ஐயா.”

“உன் விளக்கையே யாரு நம்பினா?”

கற்பகம் குழந்தையோடு அருகில் வந்தாள். விரல்கள் விரிந்தன, விளக்கு எரிந்தது.

“பாத்தியா, உங்க கம்பெனி லட்சணத்த!”

பர்வீன் விளக்கை அணைத்தாள். கையைக் கழற்றி வைத்துவிட்டு, நரம்பின் கட்டளையைக் கைக்கு அனுப்பத் தோளில் பதித்திருந்த முனையில் கருவியை வைத்தாள். குழந்தை சிரித்துக்கொண்டு அவரிடம் தாவியது. கை இல்லாமலே விளக்கு எரிந்தது.

“கை நல்லாத்தான் இருக்கு. குழந்த எங்க நழுவிடுமோன்னு நீங்கதான் பயப்படுறீங்க, அந்தத் துடிப்புதான் கைய விரிக்குது.”

“பயமா? எனக்கா? அணைச்சிட்டு மறுபடி வை.”

மறுபடியும் எரிந்தது.

மாசிலாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“அந்தக் கை கெடக்கட்டும். புள்ளைய மடியில போடு, கற்பகம். இதுக்குக் கீழ விழ எடமில்ல.”